யானைத் தலைக்குள் காற்று

1. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கீழே இறங்கினேன். தரையில் ஈரம் இருந்தது. விளக்குகள் எரிந்தன.
2. இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன்களில் ஒன்று மூன்றாவது நாளாக ஓடவில்லை. கெபாசிட்டர் கேட்டு எழுதியிருந்தேன். வரவில்லை.
3. காஸ்ட்யூம் அறையில் யானைத் தலையைப் பார்த்தேன். வாய் வலை கிழியவில்லை. பட்டைகள் உறுதியாக இருந்தன. உள்பஞ்சு கையில் ஒட்டவில்லை. 'சரி' என்று குறித்தேன்.
4. பதினொன்றரை மணிக்கு யானையும் கரடியும் படியேறி மேடைக்குப் போனார்கள்.
5. பாட்டு தொடங்கிய நான்காவது நிமிடம் யானை முட்டிபோட்டது. கூட்டம் கைதட்டியது.
6. யானை எழவில்லை.
7. காஸ்ட்யூம் அக்கா மேடைக்கு ஏறி, எல்லோர் முன்னிலையிலும் யானையின் தலையைக் கழற்றினார்.

விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தது இந்த ஏழு வரிகளைத்தான். ஏழும் உண்மை. மேனேஜர் படித்துவிட்டு, "இவ்ளோ கிளியரா யாரும் எழுத மாட்டாங்க மேடம்" என்றார். மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில் ஒன்று நடந்தது. அதை நான் எழுதவில்லை. அக்கா இங்கிருந்து போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்துக்கு ஐந்து முறை, ஆறு முறை இறங்குகிறேன். போய்ப் பார்க்க எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் மேசையில் உட்கார முடிவதில்லை.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் பார்க். மேலே இருப்பது எல்லோருக்கும் தெரியும். சறுக்கு, அலைக் குளம், பிளாஸ்டர் கோட்டை, கோட்டைக்கு முன்னால் மேடை. ஷூ கம்பெனிகளின் வருடாந்திரச் சுற்றுலா, பள்ளிப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று வண்டியில் வரும் குடும்பங்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் காலுக்கு அடியில் ஒரு சுரங்கம் ஓடுகிறது. பம்ப் அறையில் தொடங்கி மேடைக்குக் கீழே வந்து முடியும். முதலில் குழாய்களுக்காகத்தான் தோண்டினார்கள். பிறகு, பார்க்க வருபவர்கள் கண்ணில் படக்கூடாது என்று நினைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கிவிட்டார்கள். நனைந்த வாடகை உடைகள், குப்பைப் பைகள், கேன்டீனுக்குப் போகும் வெங்காய மூட்டைகள், யானை, கரடி, முயல். அலை எந்திரம் ஓடும்போது இடப்பக்கச் சுவர் லேசாக அதிரும். சுரங்கத்துக்கென்று தனிப் பெயர் யாரும் வைக்கவில்லை. 'கீழே' என்றால் அதுதான். மற்றதெல்லாம் 'மேலே'.

மேடைக்கு ஏறும் படியருகில் இரண்டு விதிகள் பெயின்டில் எழுதியிருந்தன. தலை போட்ட பிறகு பேசக்கூடாது. தலையைக் கழற்றுவது கீழே மட்டும். யானைக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியக்கூடாது. சேர்ந்த முதல் நாள் எங்கள் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். தீயணைப்பு வழியைப் பிறகுதான் காட்டினார்கள்.

அந்த உடுப்புகளைத் தைத்து, துவைத்து, ஒட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டவர்தான் காஸ்ட்யூம் அக்கா. நாற்பதை நெருங்கிய வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். பாதி வருடங்கள் மெஷினில், பாதி பசை தடவும் மேசையில். ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாலை ஆராதனை முடிந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையோடே பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். ஊசியை ரவிக்கைத் தோளில் குத்திக்கொண்டு, சுரங்கத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தபடியே நூல் கோப்பார். போகும் வழியில் யாரையும் சும்மா விடமாட்டார்.

"ஏய் கரடி, ஷேவ் பண்ணிக்கினு வந்துக்கிற? கரடிக்கு இன்னாத்துக்குடா ஷேவு?"

"உள்ள போட்டுப் பாருக்கா. தாடி வெச்சா அரிச்சே சாவணும்."

கீழே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கரடி இரண்டு பிள்ளைகளின் தகப்பன். யானை என் வயதுப் பெண், அணைக்கட்டுப் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். நான் இன்ஜினியரு. எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டுப் பராமரிப்புக்குச் சேர்ந்தவள், கையில் எப்போதும் கிளிப் போர்டு. நாற்பத்தாறு கட்டங்கள் கொண்ட தினசரிப் பட்டியலை உண்டாக்கியதே நான்தான். எனக்கு முன்னால் பட்டியலே இல்லை.

"இன்னா இன்ஜினியரு, இன்னிக்கி எத்தினி டிக்கு?"

"நாப்பத்தாறுக்கா."

"எனுக்கு ஒண்ணு போட்டுட்டுப் போயேன். நானும் காலைலேர்ந்து ஓடிக்கினுதானே கீறேன்."

புறங்கையை நீட்டுவார். நான் பேனாவால் ஒரு டிக் போடுவேன். அதை எடுத்துக்கொண்டுபோய்க் கரடியிடம் காட்டுவார், "பாரு, நான் பாஸு" என்று.

அந்தச் சனிக்கிழமை மாலை, யானைத் தலையின் உள்பஞ்சு பிய்ந்து தொங்கியது. வெளிக்கூடு ஃபைபர். உள்ளே தலை இடிக்காமல் இருக்கப் பஞ்சுத் தகடு. பிய்ந்தால் துணிப்பட்டை கொடுத்து ஊசியால் இழுத்துக் கட்டுவதுதான் வழக்கம். அரை நாள் வேலை. மறுநாள் முதல் காட்சிக்கு நான்கு பஸ் கூட்டம் பதிவாகியிருந்தது. அக்கா தன் பழைய கம்பெனியில் லைனில் நிற்கும் தம்பிக்குப் போன் போட்டு ஒரு டப்பா சொல்யூஷன் வரவழைத்தார். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டும் ரப்பர் பசை. எங்கள் ஊரில் அறுந்த பையும் அதில்தான் ஒட்டும், குழந்தையின் பொம்மைக் காலும் அதில்தான் ஒட்டும். இரண்டு பூச்சு பூசி, பஞ்சை அழுத்தி, தலையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

கம்பெனியில் பசை தடவியதை ஒரு சூடான பெட்டிக்குள் பெல்ட்டில் விடுவார்கள். அந்தப் பக்கம் வரும்போது காய்ந்திருக்கும். பதினைந்து வருடம் அப்படிக் காய்ந்த பசையைத் தொட்டுப் பழகிய விரல் அக்காவுடையது. சுரங்கத்தில் சூடு இல்லை, ஈரம் இருந்தது. காற்றை வெளியே இழுக்க வேண்டிய ஃபேன்களில் ஒன்று நின்றிருந்தது. பசை ஓரங்களில் மட்டும் ஆடை கட்டி, பஞ்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஈரமாகவே இருந்திருக்கிறது. ஒரு உடம்பின் சூடு பட்டால் அதன் ஆவி எங்கே போகும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு நான் படித்தது அல்ல. ஆனால் பசை போட்டது எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் டப்பாவைப் பார்த்தேன். பட்டியலில் பசைக்குக் கட்டம் இல்லாததால் அதைக் கடந்து அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

விட்டுப்போன வரிக்கு வருகிறேன்.

நான் 'சரி' போட்ட பிறகு, காட்சி நேரம் நெருங்கியபோது, யானை உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். தலையைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோனவள், சட்டென்று பின்னால் இழுத்தாள்.

"அக்கா, இன்னாமோ நாத்தம் அடிக்குது."

"நாத்தமா?" அக்கா தன் தலையை முழுதாக உள்ளே விட்டார். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஒண்ணியும் காணோமே. இன்ஜினியரு, நீ பாரும்மா."

நானும் தலையை விட்டேன். பழைய வியர்வை, பவுடர், துவைத்த துணி. அவ்வளவுதான் தெரிந்தது. "ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"அணைக்கட்டுக்காரிக்கு ஆம்பூர் வாசனை ஆவாது. ஏண்டி, இதுல மல்லாட்ட வேக வெச்ச வாசனையா வரும்?"

நான் சிரித்தேன். கரடி சிரித்தார். யானையும் சிரித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை மாட்டிக்கொண்டாள். அக்கா பட்டைகளை இறுக்கினார். போட்ட பிறகு பேச்சு கிடையாது.

என் வீடு ஆம்பூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். அம்மா ஷூவின் மேல்தோலை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைத்தவர். சொல்யூஷன் டப்பா ஜன்னலோரம் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தோல் பதனிடும் எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவதைப் பார்த்து, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சிறு வயதில் நினைத்திருக்கிறேன். வேலூரில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் வாரம், என் பையைக் கொஞ்சம் வெளியே வைக்க முடியுமா என்று அறைத்தோழி தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்குத் தெரியாத ஒரு வாசனை என்மேல் இருக்கிறது என்று அன்றே தெரிந்தது. தெரிந்திருந்தும், ஒரு தலைக்குள் முகத்தை விட்டு, என் மூக்கை ஒரு மீட்டரைப்போல நம்பி, "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லியிருக்கிறேன்.

மேடைக்குக் கீழே நிற்பவர்களுக்கு நிகழ்ச்சி காலடிகளாகத்தான் தெரியும். யானை வரும் இடம், கரடி சுற்றும் இடம், கடைசியில் யானை நான்கு மிதி மிதிக்கும் இடம் எல்லாம் பலகை வழியாக இறங்கும். நான் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மேலே கைதட்டல் கேட்டது. நடந்துகொண்டே நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா நின்றார்.

"நாலு மிதி வரல" என்றார்.

"பாட்டு மாத்திட்டாங்களா இருக்கும்க்கா."

"இல்ல. கரடி மட்டும்தான் நடக்குது." நூலைப் போட்டுவிட்டு ஓடினார்.

மேலே நடந்ததைக் கரடி பிறகு என்னிடம் சொன்னார். யானை விழுந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் விதி. "பேசக்கூடாதுன்னு இருந்துட்டேன் மேடம். சைடுல நின்ன செக்யூரிட்டியப் பாத்துக் கைய ஆட்டி ஆட்டிக் கூப்ட்டேன். ஜனங்களும் கைய ஆட்டுனாங்க." அவர் யானையைச் சுற்றி ஆடினார். பிள்ளைகளுக்கு முத்தம் பறக்கவிட்டார். திரைக்குப் பின்னால் இழுக்கப் பார்த்தார். கனம் தாங்கவில்லை. இதெல்லாம் எத்தனை நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. தலைக்குள் இருந்தவளுக்கு அது நீண்ட நேரம்.

நான் படியேறி வந்தபோது அக்கா ஏற்கெனவே யானையின் கழுத்தருகே மண்டியிட்டிருந்தார். கோயில் சேலை மேடையில் தேங்கியிருந்த தண்ணீரில் நனைந்திருந்தது. இரண்டு பட்டையை அவிழ்த்து, மூன்றாவதை இடுப்பில் இருந்த கத்தரிக்கோலால் வெட்டி, தலையைப் பிடுங்கி வீசினார். அது உருண்டுபோய் முன்வரிசைக் குழந்தைகள் பக்கம் பார்த்தபடி நின்றது. யானைக் கழுத்தில் ஒரு பெண்ணின் முகம், முடி ஒட்டிப்போய், உதடு வெளுத்து. முதலில் ஒரு குழந்தை வீரிட்டது, பிறகு எல்லாக் குழந்தைகளும். எத்தனையோ போன்கள் உயர்ந்தன. "போன உள்ள வைங்கய்யா! காத்து வர விடுங்க!" என்று அக்கா கத்தியது அந்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

யானை பிழைத்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பசை ஆவியும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை, இன்னும் கொஞ்ச நேரம் தலையைக் கழற்றாமல் இருந்திருந்தால் வேறு விதமாக முடிந்திருக்கும் என்றார் டாக்டர்.

அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தில் இரண்டு குற்றங்கள் இருந்தன. அனுமதியில்லாத பசையைப் பயன்படுத்தியது ஒன்று. பார்வையாளர் முன்னிலையில் தலையைக் கழற்றி நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது இன்னொன்று. இரண்டாவதைத்தான் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

என்னை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "உங்க டிக் இருக்கு மேடம். ஆனா லிஸ்ட்ல பசைன்னு ஒரு கட்டமே இல்லியே. இல்லாததுக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க? பாத்தத மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். நான் உண்டாக்கிய பட்டியலையே எனக்குக் குடையாக விரித்துக் கொடுத்தார். நான் அதன் கீழே நின்றுகொண்டேன். பார்த்ததை மட்டும் எழுதினேன். முகர்ந்ததை எழுதவில்லை. சிரித்ததையும்.

மூன்றாம் நாள் அக்கா தன் பொருள்களை எடுக்க வந்தார். கத்தரிக்கோல், டிபன் பாக்ஸ், ஒரு பழைய ஸ்வெட்டர். நான் அறை வாசலில் நின்றேன். கிளிப் போர்டு கையில்தான் இருந்தது. "அக்கா, நான் மேனேஜர்ட்ட பேசறேன்" என்றேன்.

"இன்னா பேசுவ?"

அவர் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினார்.

"நீயும் மூக்க விட்டுப் பாத்தன்னு நான் குடுத்த பேப்பர்ல எழுதல" என்றார், பொருள்களைப் பையில் திணித்தபடி. "நீ சிரிச்சதயும் எழுதல. எழுதியிருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம். அப்புறம் அந்த ஃபேன யாரு போடுறது? கரடியா?"

சிரிக்கச் சொல்லித்தான் அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் முகம் சிரிக்கவில்லை. சுரங்கத்தின் நீளம் முழுக்க நடந்து பம்ப் அறைப் பக்க வாசல் வழியாகப் போனார். வழக்கமாக நடக்கும் வேகம்தான்.

அன்று மாலையே கெபாசிட்டர் வந்தது. ஃபேனைப் போட்டேன். அன்றிலிருந்துதான் எனக்கு இந்த அலைச்சல். கீழே போவது, இரண்டு ஃபேனும் ஓடுவதைப் பார்ப்பது, மேலே வருவது, படியேறும்போதே ஒன்று நின்றுவிட்டதுபோலத் தோன்றுவது, திரும்ப இறங்குவது. வீட்டிலும் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டேன். "உக்காந்து துன்னேன்டி, இன்னா பேஜாரு உனுக்கு" என்கிறார் அம்மா.

நான்காவது மாதம் அணைக்கட்டுக்குப் போய் யானையைப் பார்த்தேன். களத்தில் கடலைக் கொடியிலிருந்து காய் உருவிக்கொண்டிருந்தாள். பார்க்குக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், தலை போடாத வேலை என்றால் வருவேன் என்றாள். பிறகு அவளாகவே அன்றைய பேச்சை எடுத்தாள்.

"எனுக்கு அப்பவே நாத்தம் வந்துச்சு மேடம். நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க, ஒண்ணுமில்லன்னு சொல்ட்டீங்க. சரி, எனுக்குத்தான் மூக்கு ஜாஸ்தின்னு போட்டுக்கினேன்." ஒரு கொடியை உதறினாள். "நான் சொன்னத எழுதிக் குடுத்தீங்க இல்ல? அக்காவ மட்டும் சொல்றாங்களே, அதான் கேக்கறேன்."

எழுதிக் கொடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, போகும்போது ஒரு பை நிறையக் கடலை கொடுத்தாள்.

மறுநாள் எட்டு வரிகளோடு புதிய வாக்குமூலம் எழுதினேன். யானை நாற்றம் என்று சொன்னது, அக்காவும் நானும் முகர்ந்தது, ஒன்றுமில்லை என்று நானும் சொன்னது, எல்லோரும் சிரித்தது, பசை டப்பாவை நான் முன்பே பார்த்தது. கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: தலையை மேடையில் கழற்றியதால்தான் ஓர் உயிர் பிழைத்தது, டாக்டர் சொன்னது இதுவே. மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முடிஞ்சு போனத எதுக்கு மேடம் கிளர்றீங்க? உங்களுக்கே ஆபத்து இது" என்று மேசை இழுப்பறையில் வைத்தார். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேட்டேன். போடவில்லை. தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் ஒன்று அனுப்பினேன்.

அனுப்பிய அன்று அக்காவுக்குப் போன் செய்து எட்டாவது வரியை வாசித்தேன். பின்னால் மெஷின்களின் இரைச்சல். முழுதும் கேட்டார்.

"இப்ப எதுக்கு இது?"

"அப்பவே எழுதியிருக்கணும்க்கா."

"ஆமா. எழுதியிருக்கணும். சரி, வெச்சிடு. லைன்ல நிக்கிறேன்."

இன்றைய நிலையை எழுதிவிடுகிறேன். தலைமை அலுவலகத்தில் கடிதம் சேர்ந்ததற்கான அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. யானையாக இருந்தவள் இப்போது நுழைவு வாசலில் டிக்கெட் கிழிக்கிறாள். தினமும் ஒன்பது மணிக்குக் கீழே வந்து மூன்று தலைகளையும் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். நாற்பத்தேழாவது கட்டம் அது. தோல் வேலை பழகாத ஒருவர்தான் அதைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஆபத்தென்றால் தலையை எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம் என்று விதிப் பலகையில் சேர்க்கக் கேட்டது அனுமதிக்கப்படவில்லை. நான் வேலையில் இருக்கிறேன். அக்கா ஆம்பூரில், பழைய கம்பெனியில், கான்ட்ராக்ட் ஆளாகப் பசை மேசையில் நிற்கிறார். அவரை நீக்கிய உத்தரவு ரத்தாகவில்லை.